போனில் சொல்லக்கூடாத இலக்கம்

கணினி வேலை செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. தாங்கள் செய்யும் பொருளைப் பாவிக்கப் போகிறவர் யார் என்று பார்த்து, அவருக்கு ஏற்றபடி செய்கிறவர்கள் ஒரு வகை. தங்கள் இஷ்டப்படி செய்து முடித்துவிட்டு, பாவிக்கப் போகிறவரைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் மற்ற வகை. இருபத்தைந்து வயதில் நான் இரண்டாவது வகையின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாமே.

அதனால் வந்த வினையை என் மனைவி ஒரு விதமாகச் சொல்கிறாள். அவளுடைய தங்கை வேறு விதமாகச் சொல்கிறாள். ஒருத்தி சொல்லும் கதையில் நான் பொலிஸ் நிலையத்தில் அழுகிறேன். மற்றவள் கதையில் மயங்கி விழுகிறேன். இருவருமே அப்போது அங்கே இல்லை. நான் அழவில்லை. மூக்கு ஒழுகியது உண்மை. எனக்குச் சளி. (கண்டி மழைக்குச் சளி பிடிக்காதவன் யார், சொல்லுங்கள் பார்ப்போம்.) ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சரியான இடத்தில் சிரிக்கட்டும்.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் தங்கி, கண்டி நகரத்தில் ஒரு சிறிய சட்ட உதவி நிலையத்தில் வேலை பார்த்தேன். அதை நடத்தியவர் நசீர் சேர். கண்டியிலேயே பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். குரலை உயர்த்தாமல் பேசியே எதிர்த்தரப்பைக் களைக்க வைத்துவிடுவார்.

எங்கள் முக்கியமான வேலை, தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மருதாயியை மருதை என்றும், முத்துசாமியை முத்துராமி என்றும் யாரோ ஒரு கிளாக்கர் பழைய பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருப்பார். அந்த ஓர் எழுத்தால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாத தமிழன் அந்த நாட்களில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அன்று அவன் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள்.

நான் எல்லாக் கோப்புகளையும் கணினியில் ஏற்றினேன். ஒருவருடைய பெயரைத் தட்டினால் தாய், தகப்பன், தோட்டம், குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் இலக்கம், பிறப்புப் பதிவு இலக்கம் எல்லாம் வரும். நான் அதைத் தரவுத்தளம் என்று சொன்னேன். மலைப்பக்கத்து ஊரான கலஹாவில் எங்கள் நிலையத்துக்கு இருந்த அறையைப் பார்த்துக்கொண்ட லெட்சுமி அக்கா அதைப் 'பெட்டி' என்றார். அக்கா சொன்ன பெயர்தான் நிலைத்தது.

லெட்சுமி அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் பல வருடம் வேலை செய்தவர். முப்பது குழந்தைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பார். அதே பார்வையை வளர்ந்தவர்களிடமும் தயங்காமல் பாவிப்பார். வாரத்தில் ஒரு நாள், கொப்பி நிறையப் பெயர்களோடு பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, பெட்டியில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு திரும்பிப் போவார். பதிலுக்காக அங்கே சனம் காத்திருக்கும்.

ஒரு நாள் நசீர் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"மகன், லெட்சுமி இங்க வராம கலஹாவில இருந்தே பெட்டியப் பாக்கணும். லேசா இரிக்கணும். ஆனா வேற ஒருத்தனும் உள்ள வரக் கூடாது. இந்த நாட்டில பேர்ப் பட்டியல் பிழையான கைக்குப் போனா என்ன நடக்குமெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல."

அவர் கேட்டது இரண்டு. லேசாக இருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும். எனக்குக் காதில் விழுந்தது இரண்டாவது மட்டும்.

கலஹாவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் அறை. அங்கே ஒரு பழைய கணினியும் தொலைபேசி இணைப்பும் இருந்தன. கணினி தொலைபேசி வழியாகக் கண்டியைக் கூப்பிட வேண்டும். நான் அதற்கு மூன்று பூட்டுப் போட்டேன். முதலாவது பாஸ்வேர்ட்: பத்து எழுத்து, பெரியதும் சிறியதும் கலந்து, நடுவில் இலக்கம், வாரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். இரண்டாவது சீட்டு: நான் அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் வரிசையாக இருக்கும் இரகசிய இலக்கங்களில் ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தட்ட வேண்டும், தட்டியதை வெட்டிவிட வேண்டும். மூன்றாவதுதான் என் பெருமை. கலஹா கூப்பிட்டதும் கண்டிக் கணினி இணைப்பைத் துண்டித்துவிடும். பிறகு தானாகவே கலஹாவைத் திருப்பிக் கூப்பிடும். வேறு இடத்திலிருந்து எவன் கள்ளத்தனமாக எடுத்தாலும் மணி கலஹாவில்தான் அடிக்கும்.

லெட்சுமி அக்காவுக்குப் படிப்பிக்கப் போனேன். அக்கா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார்.

"தம்பி, வாசல்ல சனம் நிக்குது. நான் மூணு பூட்டத் தொறந்து உள்ள போறதுக்குள்ள மத்தியான பஸ்ஸு போயிருமே."

"பழகினால் கெதியாச் செய்யலாம் அக்கா."

"சரிங்க. உள்ள போனப்புறம் ஒருத்தர் பேரத்தான் பாக்க முடியும்ங்கிறீங்க. ஒரு லயத்து ஆளுங்க எல்லாத்தையும் ஒரே தடவையில பாக்க வழியில்லையா?"

"இல்லை. தூரத்திலையிருந்து பார்க்கிற ஆளுக்கு ஒரு நேரத்தில ஒரு ஆள்தான். முழுப் பட்டியலும் கண்டியை விட்டு வெளிக்கிடாது."

இதைப் பற்றி எல்லோரும் முறைப்பட்டார்கள். நான் அசையவில்லை. அசையாமல் இருப்பதுதான் அறிவு என்று அப்போது நினைத்திருந்தேன். கடைசியில் எழுந்து நின்று உபதேசம் வேறு செய்தேன்.

"அக்கா, பாஸ்வேர்டை ஆர் கேட்டாலும் சொல்லக் கூடாது. பொலிஸ் கேட்டாலும், ஆமி கேட்டாலும், நான் கேட்டாலும் சொல்லக் கூடாது. போனில ஆராவது என்ரை பேரைச் சொல்லி விசாரிச்சால், அப்பிடி ஒரு ஆளைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வையுங்கோ. அப்பிடித்தான் ஏமாத்துவினம்."

"போலீசுக்கும் தெரியாதுன்னு சொல்லணுமா?"

"ஓம். முக்கியமா பொலிசுக்கு."

அக்கா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அக்கா ஒற்றை விரலால் தட்டினாலும் பிழையில்லாமல் தட்டினார். நான் கண்டியில் இருந்தபடி, மலையகத்தைக் கணினி யுகத்துக்குள் கைபிடித்து அழைத்துவந்தவன் என்ற நினைப்பில் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, நம்ம தோட்டத்து மருதமுத்துவ நேத்து செக்பொயின்ட்ல புடிச்சிட்டாங்க. ஐடென்டிட்டி இல்ல. அவங்கம்மா இங்க வந்து உக்காந்திருக்கு. பொறப்புப் பதிவு நம்பரச் சொன்னா விசாரிச்சு விட்டுருவாங்களாம். பெட்டியத் தொறக்கலாம்னா சீட்டுல எல்லாம் வெட்டி முடிஞ்சு போச்சு."

"நான் புதுச் சீட்டு கொண்டு வாறன் அக்கா."

"சீட்டு எதுக்குங்க? பெட்டி ஒங்க முன்னாடிதான இருக்கு. நம்பரப் பாத்துச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

உண்மையில் மருதமுத்துவின் கோப்பு அப்போது என் திரையில் திறந்தே இருந்தது. அக்கா பெயரைச் சொன்னதுமே தட்டிவிட்டேன். ஏழு இலக்கம். வாசிக்க ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

"தொலைபேசி பாதுகாப்பில்லை அக்கா. ஒட்டுக் கேட்பினம்."

 அக்கா மெதுவாகக் கேட்டார்.

"கேட்டா என்னாங்க தம்பி? கேக்குறவங்கதான அவனப் புடிச்சு வச்சிருக்காங்க."

  விதி விதிதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நூறு இரகசிய இலக்கங்களை ஒரு தாளில் அச்சிட்டேன். தலைப்பில் ஆங்கிலத்தில் கலஹா என்று கொட்டை எழுத்தில் போட்டேன். தாளை மடித்துப் பையில் வைத்து, குடையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேராதனை தாண்டி ஒரு சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றோம். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததும் பையைத் திறக்கச் சொன்னான். தாளை விரித்தான். ஐந்து நிரல், இருபது வரிசை, எழுத்தும் இலக்கமும் கலந்த நூறு சொற்கள்.

"மொகத்த மே?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

எனக்கு அப்போது தெரிந்த சிங்களம் நாற்பது சொல் இருக்கும். துரதிர்ஷ்டவசமாக, சரியாக அந்த வேளைக்குத் தேவையான இரண்டு சொல் அதில் இருந்தன.

"ரஹஸ் அங்க," என்றேன். இரகசிய இலக்கங்கள்.

வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒவ்வோர் அடி விலகினார்கள்.

எதற்கு என்று கேட்டான். தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் போவதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தொழிலில் நாங்கள் சொல்லும் ஆங்கிலச் சொல்லையே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதில் முதற்சொல் 'ரிமோட்'. இரண்டாவது சொல்லுக்கு நான் போகவேயில்லை. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டில் ரிமோட் என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான், தூரத்திலிருந்து வெடிக்க வைக்கும் குண்டு. தொலைக்காட்சி கூட அதற்குப் பிறகுதான்.

சிப்பாய் தாளை மிக மெதுவாக என் பையின் மேல் வைத்தான். பிறகு அவனும் பின்னால் போனான். ஓர் அடி அல்ல, நாலைந்து அடி. பையை ஒரு கம்பால் குத்திப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஒரு துவாயும், அறைக்காரம்மா கட்டித் தந்த இடியப்பமும். பஸ் என் குடையோடு கலஹாவுக்குப் போனது. என்னை ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எந்த நிலையம் என்பது வேண்டாம்.

இதை இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது என் வயதில், என் ஊரில் பிறந்த ஒருவன் அப்படி ஜீப்பில் ஏறினால் எப்போது இறங்குவான் என்று யாருக்கும் தெரியாது. என்னோடு படித்த ஒருவன் ஏறி இரண்டு வருடம் கழித்து இறங்கினான். ஆகவே பயந்ததை நான் மறைக்கவில்லை. அழுததாகச் சொல்வதுதான் பொய்.

ஓ.ஐ.சி என்று நாங்கள் சொல்லும் பொறுப்பதிகாரி கண்ணாடி போட்ட, அமைதியான, பருத்த மனிதர். ஓரளவு தமிழ் தெரியும். பெயர் கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். எழுதிய கை நின்றது. தாளைத் தூக்கிக் காட்டினார்.

நான் தொடங்கினேன். தரவுத்தளம் என்றால் என்ன, பூட்டு ஏன் மூன்று, கண்டி ஏன் கலஹாவைத் திருப்பிக் கூப்பிடுகிறது, எல்லாவற்றையும் அவருடைய தாளிலேயே படம் கீறி விளக்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் பேச்சு தானாக ஓடி, முழுப் பெட்டியையும் திறக்கக்கூடிய என்னுடைய சொந்தப் பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டேன்.

மற்றவர்களுக்குப் பத்து எழுத்து, பெரியது, சிறியது, வாரத்துக்கொருமுறை என்று சட்டம் போட்ட மேதாவியின் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? குகன் என்ற என் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று.

அதிகாரி பேனையைக்கூடத் தொடவில்லை. "அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நான் கொடுத்த இலக்கத்துக்கு, கலஹாவுக்குப் போன் எடுத்தார். சிங்களத்தில் பேசினார். என் பெயர் இரண்டு தடவை கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த அம்மாவுக்கு உன்னைத் தெரியாதாம். ரோங் நம்பராம்."

"சேர், நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னது."

"பொலிசுக்குப் பொய் சொல்ல நீ சொல்லிக் கொடுத்தாயா?"

சில கேள்விகளுக்கு ஆமாம் என்றாலும் வில்லங்கம், இல்லை என்றாலும் வில்லங்கம். நான் மூக்கைத் துடைத்தேன். (இந்த இடத்தைத்தான் மனைவி அழுகை ஆக்கிவிட்டாள்.) கூண்டில் போட்டார்கள்.

கூண்டில் ஏற்கெனவே ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

"எந்தத் தோட்டங்க?"

"தோட்டம் இல்லை. கண்டியில வேலை. கலஹாவுக்கு லெட்சுமி அக்காட்ட போய்க்கொண்டிருந்தனான்."

"நம்ம லெட்சுமி அக்காவா? எனக்கு நம்பர் எடுத்துத் தர்றேன்னுச்சே. நான் மருதமுத்துங்க."



"நான் உங்கட விசயமாத்தான் வந்தனான்."

"என் நம்பரக் கொண்டாந்தீங்களா?"

"நம்பர் இல்லை. நம்பரைப் பார்க்கிற பெட்டியைத் திறக்கிற சீட்டு."

மருதமுத்து இதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் பிரித்துப் பார்த்தார்.

"நம்பர் ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத போன்ல சொல்லியிருக்கலாமேங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் நாள் மத்தியானத்திலிருந்து அந்தச் சிமெந்துத் தரையில் இருந்த மனிதர். ஐந்து விநாடியில் வாசித்திருக்கக்கூடிய ஏழு இலக்கத்துக்காக, அதை வைத்திருந்தவனும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான். இந்த ஓரிடத்தில் எனக்கு எந்த வாதமும் இல்லை. பிழை என்னுடையது. அதை அவரிடமே அங்கேயே சொன்னேன். "சரி விடுங்க," என்றார். இடியப்பத்தைப் பொலிசார் சோதித்து முடித்துத் திருப்பித் தந்திருந்தார்கள். இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

மத்தியானம் போல, சீட்டைக் காணாமல் லெட்சுமி அக்கா, மருதமுத்துவின் தாயைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். என்னைக் கூண்டில் கண்டதும் ஒரு நிமிடம் நின்றார். அதிகாரி கேட்டார்.

"இவரைத் தெரியாது என்றீர்களே?"

"போன்ல தெரியாது சேர். நேர்ல தெரியும்," என்றார் அக்கா.

அப்படியானால் உங்கள் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. அக்கா மாட்டேன் என்றார்.

"இவரே தன்னுடையதைச் சொல்லிவிட்டார், உங்களுக்கென்ன?"

அக்கா என் பக்கம் திரும்பினார். பிள்ளைக்காம்பராப் பார்வை.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

நான் தலையாட்டினேன்.

"அடிச்சாங்களா?"

"இல்லை."

"பயமுறுத்துனாங்களா?"

"இல்லை அக்கா."

"பின்ன, கேட்டாங்களா?"

"கேட்கவும் இல்லை."

பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அக்கா ஒரு வழி சொன்னார். "பாஸ்வேர்டச் சொல்ல மாட்டேன். எங்க அறைக்கு வாங்க. நானே தொறந்து மருதமுத்து பேர மட்டும் காட்டுறேன். அதுல ஒங்களுக்கு வேண்டிய நம்பர் இருக்கு. அப்புறம் இந்தச் சீட்டு பல பேர் கண்ணுல பட்டிருச்சு. வேலை முடிஞ்சதும் எரிச்சிரணும்."

இரகசிய இலக்கங்கள் எரிந்துபோவதில் அதிகாரிக்கும் ஆட்சேபம் இல்லை. அவர், சார்ஜன்ட், அக்கா, நான் என்று நால்வரும் ஜீப்பில் கலஹாவுக்குப் போனோம்.

அறையில் அக்கா கதிரையில் உட்கார்ந்தார். கணினியைத் திறந்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். அவருடைய சிங்களம் என்னுடையதைப் போல நாற்பது சொல் அல்ல.

"எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்புங்கள். நான் தட்டி முடிந்ததும் சொல்கிறேன்."

 அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்கா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரிதான் முதலில் திரும்பினார். சுவரில் மயில் மேல் முருகன் உட்கார்ந்திருக்கும் ஒரு கலண்டர் தொங்கியது. பொறுப்பதிகாரியும் சார்ஜன்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முருகனைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்துச் சிரித்தேன்.

"நீங்களுந்தான் தம்பி."

நானும் திரும்பினேன்.

ஒற்றை விரல் டக், டக் என்று விழுந்தது. கணினி கண்டியைக் கூப்பிட்டுக் கீச்சிட்டது. பிறகு நான் செய்து வைத்தபடி இணைப்பு அறுந்தது. அமைதி. "அறுந்து போய்விட்டதே," என்றார் அதிகாரி. நான் பெருமையோடு விளக்கத் தொடங்குவதற்குள், மேசையில் இருந்த போன் மணி அடித்தது. வாழ்நாள் முழுவதும் போன் மணி அடித்தால் எடுத்துப் பழகிய மனிதர் அதிகாரி. கையை நீட்டி எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ," என்றார். என் கண்டிக் கணினி அவர் காதுக்குள் வீரிட்டது. போனைத் தூர எறியப் பார்த்தார்.

"சேர், அது ஒங்களுக்கு வந்த கோல் இல்ல," என்றார் அக்கா.

ஒரு சீட்டு இலக்கம் வீண். மறுபடியும் எல்லோரும் முருகனைப் பார்த்தோம். மறுபடியும் கீச்சு, அமைதி, மணி. இந்தத் தடவை அதிகாரி இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பெட்டி திறந்தது.

"மொதல்ல ஒங்க பாஸ்வேர்ட மாத்துங்க," என்று கதிரையை எனக்கு விட்டு எழுந்தார் அக்கா. இப்போது அவரும் சேர்ந்து சுவரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் போட்ட சட்டப்படி ஒரு பாஸ்வேர்டை நானே வைத்தேன்.

மருதமுத்துவின் பெயர் வந்தது. தாய், தகப்பன், லயம், ஏழு இலக்கம். அதிகாரி எழுதிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உண்மையிலேயே வியந்துபோயிருந்தார். பிறகு மிகச் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"நல்ல வேலை. இதில் எல்லாத் தோட்டமும் இருக்கிறதல்லவா? முழுப் பட்டியலையும் எங்களுக்கு ஒரு பிரதி அடித்துக் கொடு. நாங்களும் சுலபமாகப் பார்க்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"சேர், கலவரத்துல எங்க தோட்டத்துக்கு வந்தவங்க கையில தாளு இருந்துச்சு. தோட்டத்து ஆளுங்க பேரெல்லாம் எழுதுற செக்ரோல் தாளு. எந்த லயம், எத்தனையாம் காம்பரா, யாரு குடும்பம், எல்லாம் அதுல இருந்துச்சு. வாசல்ல நின்னு பேரு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. மருதமுத்து நம்பர அவன் நல்லதுக்குச் சொல்றேன். எல்லாரு பேரையும் யாருக்கும் தர மாட்டேன். எங்க லோயர் ஐயாகிட்ட கோர்ட் கடுதாசியோட வந்து கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். கேட்காமலே எல்லாம் சொன்னவன் அல்லவா.

"நீ சொல்லு. எடுக்க முடியுமா?"

"இங்கையிருந்து முடியாது சேர். ஒரு நேரத்தில ஒரு ஆளைத்தான் பார்க்கலாம். நான் அப்பிடித்தான் செய்திருக்கிறன்."

"மாற்றிச் செய்ய உன்னால் முடியுமா?"

"முடியும்," என்றேன். குரல் உடைந்தது, சளி. "செய்ய மாட்டன்."

 கீழே கடையில் யாரோ பருப்பு நிறுக்கச் சொல்வது கேட்டது.  என் வாய் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தார். மேசையில் இருந்த தேநீர்த் தட்டில் சீட்டை வைத்து, தன் கையாலேயே கொளுத்தினார். "போவோம்," என்றார்.

நிலையத்துக்குத் திரும்பிப் பதிவாளர் கந்தோருக்குப் போன் எடுத்து இலக்கத்தைச் சரிபார்த்தார்கள். மருதமுத்துவை விட்டார்கள். என்னை விடுவிக்க, பொறுப்பேற்று ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். கணினி தெரியாதவர்களைக் கரையேற்றப் புறப்பட்டவனுக்கு அன்று பொறுப்பாகக் கையெழுத்திட்டவர் லெட்சுமி அக்கா. உறவு என்ன என்று கேட்ட இடத்தில், "தம்பி," என்றார். சார்ஜன்ட் அப்படியே பதிந்துகொண்டார்.

அடுத்த நாள் நசீர் சேர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"மகன், பூட்டுப் போட்டது சரி. ஊட்டுக்காரியும் உள்ள போகணுமே. லெட்சுமிட்டக் கேட்டுக் கேட்டுத் திரும்பச் செய்ங்க."

செய்தேன். சீட்டை எடுத்தோம். பத்து எழுத்துக்குப் பதிலாக, மறக்க முடியாத ஒரு நீண்ட வசனத்தை அவரவர் தாமே வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். வாரத்துக்கொருமுறை மாற்றுவதையும் விட்டோம். கண்டி திருப்பிக் கூப்பிடுவது இருந்தது. போனில் ஒரு தாள் ஒட்டினோம், 'எடுக்க வேண்டாம்' என்று மூன்று மொழியிலும். பிடிபட்டவருடைய இலக்கத்தைப் போனில் வாசிக்கலாம் என்பதை அக்கா சட்டமாக்கினார். ஹேவாஹெட்டக்காரர், கடுகண்ணாவைக்காரர் என்று மற்ற ஊராருக்கும் பெட்டி பழக்கியது அவர்தான். நான் பின்னால் நின்று வயர் பிடித்தேன்.

என் கல்யாணத்துக்கு மருதமுத்து வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், தானும் மாப்பிள்ளையும் ஒரே கூண்டில் இருந்தவர்கள் என்று பெண் வீட்டாரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். மாமனார் தாலி கட்டும் வரை என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் சின்ன விசயத்தைச் சுற்றி வளைத்துச் செய்தால், "பஸ்ஸில கொண்டு போறியோ?" என்பார்கள். தேங்காய் துருவுவதற்குக்கூட அதைச் சொல்கிறார்கள்.

சொல்லட்டும். அந்தப் பெட்டி போர் முடியும் வரை ஓடியது. அதற்குள் எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். சீருடை போட்டவர்களும் கேட்டார்கள், போடாதவர்களும் கேட்டார்கள், நல்ல நோக்கம் சொன்னவர்களும் கேட்டார்கள். ஒரு லயத்தின் பட்டியல்கூட எங்களை விட்டு வெளியே போகவில்லை. அதைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கதை சொல்வதில்லை, ஏனென்றால் அதில் சிரிக்க ஒன்றும் நடக்கவில்லை.

போன வருடம் மகளின் பரீட்சைச் சுட்டிலக்கத்தை என் அண்ணன் போனில் கேட்டார். நேரில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வீட்டில் சிரிப்பு அடங்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை நான் பஸ் ஏறினேன்.